ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை இறக்கிய கதை

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் நின்ற கிறிஸ்துமஸ் மரத்தை 2025 ஜனவரியில் இறக்கினோம். வெட்டியதுதான். ஆனாலும் 'இறக்கினோம்' என்றுதான் எழுதத் தோன்றுகிறது. மரம் விழவே இல்லை. உச்சியிலிருந்து அடிவரை துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி, குழந்தையைத் தூளியிலிருந்து இறக்குவதுபோல் இறக்கினார்கள். இரண்டரை நாள் ஆயிற்று. நான் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க, பள்ளியில் படித்த சரித்திரமும் அலுவலகத்தில் எழுதிய ஒரு பழைய கோப்பும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. இரண்டையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் மரம். 1969 டிசம்பரில் என் அத்தை பெங்களூரிலிருந்து ஒரு தொட்டியில் வாங்கி வந்தது. முழங்கால் உயரம் இருந்தது. பண்டிகை முடிந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துக் கொல்லையில் நட்டார். "இது எங்கே இந்த உப்புக்காற்றில் பிழைக்கப்போகிறது" என்று அப்பா சொன்னார். அது அப்பாவையும் தாண்டி, அத்தையையும் தாண்டி, அறுபது அடி வளர்ந்தது. தானே புயலில், 2011 டிசம்பர் 30 விடியற்காலையில், எங்கள் தெருவில் வேம்பும் முருங்கையும் வேரோடு சாய்ந்தபோதுகூட இது சில கிளைகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது.

2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. காற்றைவிடத் தண்ணீர்தான் கெடுத்தது. கொல்லை மண் சேறாகி, வடிந்த பிறகு பார்த்தால் மரத்தின் வடக்குப் பக்கம் தரையில் பாளம் பாளமாக வெடிப்பு. வேர் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். மரம் தெற்கே சாய்ந்திருந்தது. தெற்கே பக்கத்து வீட்டு அக்காவின் நாட்டு ஓட்டு வீடு. அவருக்கு எண்பத்திரண்டு வயது. தனியாக இருக்கிறார்.

இந்தச் சாய்வு புயலால் மட்டும் வந்ததல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். நம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கும் மரங்களில் ஒரு வகை, பூமத்தியரேகை இருக்கும் பக்கமாகச் சாயும் குணமுடையது. பல கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. சராசரிச் சாய்வு எட்டு டிகிரிக்கு மேல். வடகோளத்தில் வளர்ந்தால் தெற்கே சாயும், தென்கோளத்தில் வளர்ந்தால் வடக்கே சாயும். அறுபது அடி மரத்துக்கு எட்டு டிகிரி என்றால் உச்சி எட்டடிக்கு மேல் தள்ளிப் போய்விடும். அத்தை மரத்தை நட்ட இடத்துக்குத் தெற்கே மதில் ஆறடி தூரம்தான்.

இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர், கயிறு கட்டி வடக்கே இழுத்து ஒரே நாளில் சாய்த்துவிடுவதாகவும் ஓடு உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இன்னொருவர் கடலூர்ப் பக்கத்து மேஸ்திரி. மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அடியில் கை வைத்துப் பார்த்தார். "மேலேயிருந்து துண்டு துண்டா இறக்கணும் ஐயா. மூணு நாள் ஆகும்" என்றார். கூலி முதல்வரைவிட இரண்டு மடங்குக்கு மேல். என் மகன் தொலைபேசியில், "ஏம்ப்பா, விறகுக்கு இவ்வளவா?" என்றான். நான் மேஸ்திரிக்கே கொடுத்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மரத்தின் பூர்வீகம் வேடிக்கையானது. நாம் பைன் என்கிறோம். தாவரவியல்படி இது பைன் குடும்பமே அல்ல, அரவுகாரியா. ஒரு வகையின் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா. பிரெஞ்சில் 'பேன் கொலோனேர்', அதாவது தூண் பைன் என்பார்கள். இன்னொரு வகை நார்ஃபோக் தீவினுடையது. சிறு செடியாக இருக்கும்போது இரண்டையும் வேறு பிரித்துச் சொல்வது கடினம். எங்கள் மரம் வளர்ந்து சாய்ந்த விதத்தைப் பார்த்தால் முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும்.

1774 செப்டம்பரில் கேப்டன் குக் 'ரெசொலூஷன்' கப்பலில் நியூ கலிடோனியாவுக்கு வந்தார். தென்கோடியில் ஒரு தீவில் உயரமான தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. கப்பலில் இருந்த அறிஞர்கள் சிலர் அவை கல்தூண்கள் என்று வாதிட்டார்கள். குக் மரங்கள் என்றார். அருகே ஒரு குட்டித் தீவில் இறங்கிப் பார்த்தபோது மரங்கள்தான். கப்பல் தச்சர்கள் உடனே சிலவற்றை வெட்டிக்கொண்டார்கள். பெரிய தீவுக்கு 'பைன்களின் தீவு' என்று பெயர் வைத்தார். அடுத்த மாதம் நார்ஃபோக் தீவைக் கண்டபோது அங்கும் அதே மாதிரி மரம்.

குக்குக்கு ஏன் அத்தனை மகிழ்ச்சி? அந்தக் காலத்துக் கப்பலுக்குப் பாய்மரம்தான் உயிர். பாய்மரம் முறிந்தால் நடுக்கடலில் கட்டைதான் மிதக்கும். அதற்கேற்ற நெடிய, நேரான மரம் எங்கே கிடைக்கும் என்பது அரசாங்கங்களின் கவலை. பிரான்ஸ் தன் கப்பல்களுக்கு பால்டிக் கடற்கரை ரீகாவிலிருந்து மரம் வாங்கியது. போதாமல் பிரனே மலைக்குள் கை வைத்தது. அங்கே ஆஸ்ப் பள்ளத்தாக்கில், செங்குத்துப் பாறையைக் குடைந்து ஒரு பாதை போட்டார்கள். 1772இல் லெருவா என்ற பொறியாளர் பொறுப்பில் தொடங்கிய வேலை. மலைமேல் வெட்டிய மரங்களை ஆறுவரை இறக்குவதற்கென்றே அந்தப் பாதை. இன்றும் அதற்குப் 'பாய்மரப் பாதை' என்றுதான் பெயர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். மரத்தை உருட்டிவிட முடியாது. உருட்டினால் பாய்மரம் விறகாகிவிடும்.

பிரிட்டிஷார் நார்ஃபோக் தீவை நம்பினார்கள். 1788 மார்ச் 6ஆம் தேதி லெஃப்டினென்ட் கிங் என்பவர் இருபத்திரண்டு பேரோடு அங்கே குடியேறினார். பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். பாய்மரமும் பாய்க்கு வேண்டிய நாரும் அங்கேயே கிடைக்கும் என்பது கணக்கு. வெட்டிப் பார்த்தால், பாய்மரத்துக்கு வேண்டிய வளைந்து நிமிரும் குணம் அந்த மரத்தில் போதவில்லை. வீடு கட்டத்தான் உதவியது. 1814இல் அந்தக் குடியேற்றத்தையே கைவிட்டார்கள். நியூ கலிடோனியாவை 1853இல் பிரான்ஸ் எடுத்துக்கொண்டு கைதிகளின் தீவாக்கியது. 1871 பாரீஸ் கம்யூன் எழுச்சியில் பிடிபட்ட பலரை 1872 முதல் அதே பைன்களின் தீவில் கொண்டுபோய் வைத்தது. 1880இல் பொதுமன்னிப்பு வரும்வரை அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நாள் எண்ணினார்கள். எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் கம்யூன் பற்றி அரைப் பக்கம் இருந்தது. மரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆனால் பாய்மரத்தைப் பற்றி ஒரு ஆசிரியர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. பெரிய கப்பலின் பாய்மரம் ஒரே மரம் அல்ல. ஒன்றின் தலையில் இன்னொன்றாக மூன்று, நான்கு துண்டுகள். கரும்பலகையில் படம் போட்டுப் பெயர் எழுதினார். அடியில் 'பா மா'. அதன்மேல் 'மா த யூன்'. அதற்கும் மேலே 'மா த பெரொக்கே'. பெரொக்கே என்றால் கிளி. அதன் உச்சியில் 'ககதுவா', கொண்டைக்கிளி. உயரத்தில் உட்காரும் பறவைகளின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று சொல்லி அவர் சிரித்தார்.

துண்டாகச் செய்ததில் ஒரு வசதி. புயல் வரும் அறிகுறி தெரிந்தால் மாலுமிகள் மேலேறி, கொண்டைக்கிளியையும் கிளியையும் கயிற்றில் கட்டி, கப்பியில் தொங்கவிட்டு, தளத்துக்கு இறக்கிவிடுவார்கள். உயரம் குறைந்தால் காற்றுக்குப் பிடி குறையும். ஆடுகிற கப்பலில், நனைந்த கயிற்றில், கீழே நிற்பவன் தலையில் போடாமல் ஒரு பெரிய கட்டையை இறக்குவது எப்படி என்ற வித்தை அங்கேதான் பழுத்தது. அதற்கு அவகாசம் இல்லையென்றால் கோடரிதான். பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளிவிட்டு உயிர் பிழைக்கப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஓர் இரவை நம் ஊர்க் கடலே பார்த்திருக்கிறது. 1761 ஜனவரி 1. புதுச்சேரிக் கோட்டைக்குள் லாலியும் பட்டினி கிடக்கும் பட்டாளமும். வெளியே கடலில் முற்றுகைக்கு நின்ற பிரிட்டிஷ் கப்பல்கள். ஆண்டுப் பிறப்பன்று இரவு புயல் அடித்தது. மூன்று கப்பல்கள் மூழ்கின. மூன்று கரையில் மோதின. தப்பியவற்றில் பல, பாய்மரங்களை இழந்து மொட்டையாக நின்றன. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கோட்டையில் இருந்தவர்களுக்குக் கடவுளே வழி திறந்ததுபோல் இருந்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து உதவி வரவில்லை. மிஞ்சிய கப்பல்கள் சில நாளில் மறுபடி கூடிவிட்டன. ஜனவரி 16ஆம் தேதி ஊர் விழுந்தது. பள்ளியில் எங்களுக்கு லாலியின் தோல்வியைச் சொன்னார்கள். புயலை நானாக வளர்ந்த பிறகு படித்தேன்.

கப்பல் வித்தை கரைக்கு வந்தது எப்படி என்பதற்கு ஒரு சொல் சாட்சி. அரசு வேலையில் இருந்தவர்களுக்குக் 'கலாசி' என்ற பதவிப் பெயர் தெரிந்திருக்கும். ரயில்வேயில் வெகு காலம் இருந்தது. அந்தச் சொல் முதலில் கப்பலில் வேலை செய்பவரைக் குறித்தது. கயிறு, கப்பி, பாரம் மூன்றும் கை வந்தவர் என்பதால், துறைமுகத்தில் சுமை தூக்கவும், பாலத்துக்கு இரும்பு ஏற்றவும், பணிமனையில் எந்திரம் நகர்த்தவும் அவரையே கூப்பிட்டார்கள். நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது. சரக்கைச் சலங்கில் ஏற்றி அலை தாண்டிக் கொண்டுவந்த காலம் உண்டு. பிறகு 1866இல் கடலுக்குள் பாலம் கட்டினார்கள். 1952 புயலில் அது சிதைந்தது. அந்தப் பாலத்தில் சுமை இறக்கிய கைகளின் பிள்ளைகளும் பேரன்களும் இன்று என்ன வேலை செய்கிறார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் மேஸ்திரியின் தாத்தா அங்கே கயிறு பிடித்தவராம்.

இப்போது கோப்பு. 1983. நான் எல்.டி.சி. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வளாகத்தில் மதிலை ஒட்டி உயரமான பழைய சவுக்கு ஒன்று பட்டுப்போய் நின்றது. அகற்ற இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன. ஒன்றில் 'கிளை கழித்து, துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க' என்று எழுதி, நான்கு நாள் கூலி போட்டிருந்தது. மற்றதில் 'மரத்தை வெட்டி அகற்ற' என்று ஒரே வரி, ஒரு நாள் கூலி. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, 'குறைந்த விலைப்புள்ளியை ஏற்கலாம்' என்று குறிப்பெழுதியது நான். விதியும் அதுதான். மேலதிகாரி கையெழுத்திட்டார்.

வெட்டிய அன்று வடத்தை ஐந்தாறு பேர் இழுத்தார்கள். உள்ளே உளுத்திருந்த மரம் பாதி வெட்டிலேயே முறுக்கிக்கொண்டு, இழுத்த பக்கம் விடாமல் மதில் பக்கம் போனது. மதில் சரிந்தது. வடம் பிடித்தவர்களில் ஓரத்தில் நின்ற பையன் ஒருவன் அதன் அடியில் சிக்கினான். இருபது வயது இருக்கும். உயிர் பிழைத்தான். வலது பாதம் போயிற்று. அடுத்த வாரம் மதிலைச் சரிசெய்ய மதிப்பீடு தயாரித்து அனுப்பினோம். அதற்கு ஒரு கணக்குத் தலைப்பு இருந்தது. அந்தப் பையனுக்கு எந்தத் தலைப்பிலும் இடம் இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் என்று எழுதிக் கோப்பை மூடினோம். அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

பிரெஞ்சில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு சொல் உண்டு. மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பது 'அபத்தாஜ்'. மேலிருந்து பிரித்து இறக்குவது 'தெமோந்தாஜ்'. கடிகாரத்தைப் பிரிப்பதற்கும் அதே சொல்தான். எங்கள் கோப்பில் இரண்டுக்கும் 'அகற்றுதல்' என்று ஒரே சொல் இருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு விலை என்று நான் படித்தேன். அவை இரண்டு வேலைகள்.

சரி, எங்கள் கொல்லைக்கு வருகிறேன். மேஸ்திரியோடு நான்கு பேர். முதலில் பக்கத்து வீட்டு அக்காவை அந்த மூன்று பகலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து இருக்கச் சொன்னார். பிறகு, வேர் கிளம்பிய மரம் என்பதால், வடக்கே இருந்த எங்கள் கான்கிரீட் தூணுக்கும் கிணற்றடித் தூணுக்கும் இரண்டு வடம் கட்டி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறுகிறவனின் கனமும் ஆட்டமும் சேர்ந்து மரத்தைச் சாய்த்துவிடக்கூடாது என்பதற்காக.

முதல் நாள் கிளைகள். இந்த மரத்தில் கிளைகள் குடைக் கம்பிபோல் ஒரே இடத்திலிருந்து சுற்றிலும் கிளம்பும். ஏறுகிறவன் கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே மேலே போனான். தெற்குப் பக்கத்துக் கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பிசின் ஒழுகி அவன் கையும் சட்டையும் ஒட்டிக்கொண்டன. சாயங்காலம் பார்த்தால் அறுபது அடிக்கு ஒரு மொட்டைக் கம்பம், உச்சியில் மட்டும் ஒரு கொண்டை. உண்மையிலேயே பாய்மரம். குக் பார்த்திருந்தால் தச்சனைக் கூப்பிட்டிருப்பார்.

இரண்டாம் நாள் கொண்டையை இறக்கிவிட்டு, தண்டைத் தொட்டார்கள். ஒவ்வொரு துண்டும் மூன்றடி. முதலில், அறுக்கப்போகும் இடத்துக்குக் கீழே, நிற்கிற தண்டிலேயே ஒரு கப்பியைக் கட்டினான். கயிறு அந்தக் கப்பி வழியாகக் கீழே வந்து, மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி மேஸ்திரி கையில் முடிந்தது. மேல் நுனியைத் துண்டில் கட்டினான். அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாரணர் வகுப்பில் கற்ற 'நே த ஷேஸ்', நாற்காலி முடிச்சு. எத்தனை இழுத்தாலும் இறுகிப்போகாது, வேலை முடிந்ததும் விரலால் அவிழ்க்கலாம். மேஸ்திரி அதை வெறுமனே 'கண்ணி' என்றார்.

பிறகு வடக்குப் பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. எதிர்ப் பக்கத்திலிருந்து நேர் அறுப்பு. நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு விட்டுவிடுவான். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி. ரம்பத்தை நிறுத்தி இடுப்பில் மாட்டிக்கொண்டு, கையால் தள்ளுவான். துண்டு கீலில் மடிந்து, வடக்கே சாய்ந்து, கப்பியில் தொங்கும்.

அடித்தண்டு ஒன்றரை அடி விட்டம். மூன்றடித் துண்டு என்றால் பச்சை மரத்தில் நூறு கிலோவுக்குக் குறையாது. அது விழுந்து கயிற்றில் நிற்கிற கணத்தில் கயிறு தாங்கும் இழுப்பு அந்த எடையைப்போலப் பல மடங்கு. அதனால் மேஸ்திரி கயிற்றை வெடுக்கென்று நிறுத்துவதில்லை. கொஞ்சம் ஓடவிட்டு, மெல்ல மெல்லப் பிடிப்பார். அறுபது கிலோகூட இல்லாத மனிதர் எப்படிப் பிடிக்கிறார்? அந்த மூன்று சுற்றுதான். கயிறு மரத்தோடு உரசுகிற உரசலில், ஒரு முழுச் சுற்றுக்கு இழுப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகவோ ஆறில் ஒன்றாகவோ குறையும். அடுத்த சுற்று அதில் ஐந்திலொன்று. கப்பலில் 'கபெஸ்தான்' என்ற உருளையில் நங்கூர வடத்தைச் சுற்றுவதும் இந்தக் கணக்கில்தான். ஆய்லர் என்ற கணித மேதை பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்குச் சூத்திரம் எழுதினார். மேஸ்திரியிடம் கேட்டேன். "ரெண்டு சுத்து போட்டா கை எரியும், நாலு போட்டா கட்டை நகராது. மூணுதான் சரி" என்றார்.

ஒரே ஒரு முறை பயந்தோம். இரண்டாம் நாள் மதியம், துண்டு மடியும்போது தண்டு ஆடி, தெற்கே ஒரு முழம் போய்த் திரும்பியது. மேலே இருந்தவன் மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். கிணற்றடித் தூணில் கட்டிய வடம் விண் என்று ஒலித்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். ஆட்டம் அடங்கியதும் மேஸ்திரி அவனைக் கீழே இறங்கச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திவைத்தார். அதன் பிறகு துண்டுகளை மூன்றடியிலிருந்து இரண்டடியாகக் குறைத்தார். நேரம் கூடிற்று. அவர் கூலியைக் கூட்டவில்லை.

அந்த ஒரு மணி நேரம்தான் நான் கொடுத்த இரண்டாவது மடங்குப் பணம். விலைப்புள்ளியில் அது எந்த வரியிலும் இருக்காது. 1983இல் எனக்கு அது தெரிந்திருந்தால் பட்டியலின் கீழே இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம். மேலே போயிருக்குமோ போகாதோ, எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தவன் நான்தான்.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் மரம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அத்தை கொண்டுவந்த அதே உயரம். மேஸ்திரி, "அடியையும் தோண்டிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். இப்போது அதன்மேல் என் மனைவி துளசித் தொட்டி வைத்திருக்கிறாள். துண்டுகளில் நான்கைப் பக்கத்து வீட்டு அக்கா உட்காருவதற்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் ஓர் ஓடு உடையவில்லை.

ஒரு வேண்டுகோள். பழைய பாலத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால், கயிற்று முடிச்சுகளுக்கும் கப்பிகளுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களை எனக்கு எழுதுங்கள். பிரெஞ்சுப் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. நம்முடையவை இல்லை.